இரண்டாம் வருடம் நான் ஏன் விழுந்துகொண்டே இருந்தேன்

முதல் வருடம் என்னை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கோடையில் ஹொல்ஸ்டெப்ரோ மைதானத்துக்கு வந்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இரண்டாம் வருடமும் அதே நான்தான், அதே கால்கள், அதே சட்டை. ஆனால் பந்து கைக்கு வந்து மூச்சு விடுவதற்குள் புல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நடுவில் இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். அதற்குள் ஒரு மனிதனுக்கு அப்படி என்னதான் ஆகிவிடும்?  அதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை.

நான் சொல்வது காலால் உதைக்கிற பந்தை அல்ல. அமெரிக்கர்கள் தலையில் கவசமும் தோளில் தலையணை போன்ற காப்பும் கட்டிக்கொண்டு, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தப் பந்து. எங்கள் ஆட்கள் அதற்கு முட்டைப்பந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். டென்மார்க்கிலேயே அது அப்போது புதிது. விளையாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு விதிகள் சரியாகத் தெரியாது, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் நான்.

அகதியாக வந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பொடியன் அதற்குள் எப்படிப் போய் விழுந்தான் என்று கேட்பீர்கள். எல்லாம் கிளித்தட்டால் வந்தது. நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கயிறு பிடித்துக் கோடு போட்டு, இருட்டும்வரை கிளித்தட்டு மறிப்போம். அங்கே கோடையில் இருட்டவே இருட்டாது, அதனால் பசிக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரு பெட்டி, அதன் குறுக்கே கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் மறித்து நிற்பான், அவன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. கிளி என்று ஒருவன் உண்டு, அவனுக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓட உரிமை. இவர்கள் யாருடைய கையும் படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய், அதே மாதிரித் திரும்பியும் வரவேண்டும். வந்து சேர்ந்தால் அதற்குப் பழம் என்று பெயர், அதுதான் வெற்றி. கை பட்டால் ஆட்டம் போச்சு.

ஒரு ஞாயிறு அந்த வழியாக நாயோடு நடந்து வந்த ஒரு பெரிய டேனிஷ்காரர் நின்று பார்த்தார். எனக்கு அவரைத் தெரியும். நான் வேலை செய்த பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் முழுப் பன்றியைத் தோளில் தூக்குகிறவர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். வயதுக்காக இல்லை, உருவத்துக்காக. நாய் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது, அவர் அசையவில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“உன்னை ஏன் அவர்களால் தொட முடியவில்லை?” என்று டேனிஷ் மொழியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில், “நான் கெட்டிக்காரன்” என்றேன். வேறு சொல் வரவில்லை. அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு வேலை முடிந்ததும் தன்னோடு வா என்றார். அப்படித்தான் நான் முட்டைப்பந்துக்காரன் ஆனேன்.

முதல் ஆட்டத்தை மறக்க முடியாது! பந்தை என் வயிற்றில் திணித்தார்கள். எனக்கு முன்னால் பெரியவர் ஒரு சுவர் மாதிரிப் போய் இரண்டு பேரைத் தள்ளினார். மூன்றாமவன் என்னை நோக்கி வந்தான். நான் அவனுக்கு முன்னால் போய்ச் சட்டென்று நின்றேன். கிளித்தட்டில் கோட்டுக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான் அது. அவன் பாய்ந்த வேகத்தில் என்னைக் கடந்து போய் விழுந்தான். நான் அவன் விட்ட பக்கத்தால் போனேன். அடுத்தவனிடமும் அப்படியே. கடைசிக் கோட்டையும் தாண்டியபோது எங்கள் பக்கம் பெரிய கூச்சல். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கினேன். திரும்பி வந்து சேர்ந்தால்தானே பழம்! எழுந்து நின்றவர்களை எல்லாம் மறுபடி வெட்டி வெட்டி ஓடினேன். எதிரணிக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நடுவர் ஊதிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். பெரியவர் என்னைப் பாதியில் மறித்து, பன்றியைத் தூக்குவதுபோலத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கணக்கில் புள்ளி சேர்ந்துவிட்டது.

அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் போனது. அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த பயிற்சியாளர் தொடக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு, “நிற்காதே, ஓடு!” என்று கத்துவார். பிறகு நான் நிற்க நிற்கப் புள்ளிகள் சேர்வதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஆட்கள் சோற்றுப் பார்சலும் தேநீர்ப் போத்தலுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குடும்பம் என்று நான் சொல்வது அந்த நாட்களில் பெரும்பாலும் அறை நண்பர்களைத்தான். பெண்சாதி பிள்ளைகளோடு இருந்தவர்கள் மிகக் குறைவு.

என் பெண்சாதி கொழும்பில் இருந்தாள். நாட்டை விட்டு வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் எங்களுக்குக் கல்யாணம். பிறகு அவளை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரவைத்து, மாமி முறையான ஒருவர் வீட்டில் தங்கவைத்தோம். அங்கே தொலைபேசி இருந்தது. விசா கிடைத்தால் உடனே ஏறலாம். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருவருமே நம்பினோம். அந்த நம்பிக்கையில் நான் தொலைபேசியில் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமல்ல. தலைக்கவசமும் தோள்காப்பும் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

“என்ன, தலையிலை சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிக்கிறியள்?” என்றாள்.

“அதுதான் உடுப்பு. என்னை ஒருத்தரும் தொடேலாது, தெரியுமே? டேனிஷ்காரர் வரிசையிலை நிண்டு கையடிக்கிறாங்கள்.”

“மாமி படத்தைப் பாத்திட்டு நல்லாத் தோள் வைச்சிட்டார் எண்டு சந்தோசப்படுறா.”

தோள் என்னுடையதல்ல என்று நான் சொல்லவில்லை. “நீர் வந்து பாரும், உமக்கு முன்னாலை ஓடிக் காட்டுறன்” என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சும்மா சிரிக்கிற ஆளில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தபோது கிளித்தட்டு அணிக்கு அவள்தான் கிளி. அவள் நின்றால் எதிரணிப் பெண்கள் அழுவார்களாம். அந்தச் சிரிப்பிலேயே “பாப்பம்” என்று ஒரு சவால் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசைதான். அவள் வந்து கோட்டோரம் நின்று பார்க்கவேண்டும், அன்றைக்கு நான் யாராலும் தொடப்படாமல் ஓடவேண்டும்.

குளிர்காலம் வந்தது, பதில் மட்டும் வரவில்லை. பிற்காலத்தில் தமிழ் வழக்கு என்று நாடே பேசிய விவகாரம் அது. அதற்காக ஓர் அரசாங்கமே விலகவேண்டி வந்தது. ஆனால் அப்போது அதற்குப் பெயர் எதுவும் இல்லை. எங்கள் பெண்சாதி பிள்ளைகளின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்காமல் அப்படியே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. கேட்டால், “காத்திருங்கள்” என்பார்கள். கொமூன என்கிற நகரசபைக் கந்தோரில் இருந்த பெண்ணுக்கு என்னைப் பார்த்தாலே முகம் வாடிவிடும், பாவம், அவரும் என்ன செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெளியில் இப்போது கோடு போடுகிறவர்கள் இல்லை. எல்லோரும் யாராவது ஒருவர் அறையில் கூடி, யாருக்கு என்ன செய்தி என்று கதைத்துக் கதைத்துக் களைத்தார்கள். எனக்கு அந்தக் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

நான் ஓடினேன். வேலைக்குப் போகமுன் ஓடினேன், வேலை முடிந்து ஓடினேன். பனியில் ஓடினேன். மேற்குக் கரையிலிருந்து வருகிற காற்று முகத்தில் அறைய அறைய ஓடினேன். அவள் வரும்போது முதல் வருடத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பழக்கத்தை விட்டேன். அது வருவதற்குள் நடந்தே போய்விடுவேன். லிப்டுக்கு நிற்காமல் படியில் தாவினேன். அறை நண்பரான அண்ணை சமைத்தால், கறி இறங்குமுன்னே வெறுஞ்சோற்றை அள்ளித் தின்றுவிட்டு எழும்பிவிடுவேன். “கொஞ்சம் பொறன்டாப்பா, குழம்பு கொதிக்குது” என்பார். எனக்குப் பொறுமை இல்லை.

டென்மார்க்கில் இருந்தவர்களுக்குத் தெரியும், நடைபாதைச் சந்தியில் விளக்குக் கம்பத்தில் சிவப்பு மனிதன் எரிந்தால் ஒருவரும் அசையமாட்டார்கள். தெருவின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனமே இல்லாவிட்டாலும், மழை கொட்டினாலும், பச்சை வரும்வரை மரம் மாதிரி நிற்பார்கள். முதல் வருடம் நானும் அவர்களோடு நிற்பேன், அது எனக்கு ஒரு பகிடியாகவும் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நான் சிவப்பிலேயே குறுக்கே பாய்ந்து போனேன். தள்ளுவண்டியோடு நின்ற ஒரு முதிய பெண், “சிவப்பு!” என்று என் முதுகுக்குப் பின்னால் ஏசினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு சுறுசுறுப்பாகிவிட்டது, அதுதான் என்று எனக்குள் பெருமை வேறு.

வசந்தத்தில் முதல் பயிற்சிக்குப் போனபோது பயிற்சியாளர் கடிகாரம் பிடித்து ஓடவிட்டார். அணியிலேயே நான்தான் வேகம். முந்தின வருடத்தைவிட நல்ல வேகம்! அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தது. பாய்ந்தேன். முதலாவது ஆளே என்னைத் தூக்கி நிலத்தில் அடித்தான். சரி, சறுக்கிவிட்டது என்று எழும்பினேன். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை பெரியவர் இரண்டு பேரைத் தள்ளி வழி திறந்து கொடுத்தும், திறந்த வழிக்குள் அல்லாமல் அவருடைய முதுகிலேயே போய் மோதினேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

அதன்பிறகு எல்லா ஆட்டமும் அப்படியேதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுச் சுவரில் ஒரு குத்து விட்டு, கை வீங்கி, அதற்கும் ஏச்சு வாங்கினேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஒருவர் சப்பாத்து சரியில்லை என்றார். ஒருவர் டேனிஷ் பாற்கட்டியைத் தின்று உடம்பு பாரித்துவிட்டது என்றார். நான் மெலிந்துபோய் இருந்தேன், அவர் என்னை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. கொழும்பில் இருந்த மாமி தொலைபேசியிலேயே நாவூறு, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு நண்பர் என் முழங்காலில் கை வைத்துச் செபித்தார். முழங்காலுக்கு நல்ல சுகம், ஆட்டத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அண்ணை மட்டும், “உன்ரை மனம் இஞ்சை இல்லை” என்றார்.

“என்ரை மனம் இஞ்சைதான் இருக்குது, என்னைப் பிடிக்கிறவங்களும் இஞ்சைதான் இருக்கிறாங்கள்!” என்று கத்தினேன்.

பயிற்சியாளர் தன் பங்குக்கு, மற்ற அணிகள் உன்னைப் படித்துவிட்டன என்றார். ஒரு வருடம் பார்த்துவிட்டால் ஓடுகிறவனின் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம், அமெரிக்காவிலும் அப்படித்தானாம். அது எனக்குச் சரியாகப் பட்டது. அவர்களுக்குத் தெரிந்துவிட்டதென்றால், அவர்கள் யோசிக்குமுன் இன்னும் வேகமாகப் பாய்வதுதான் மருந்து என்று முடிவுகட்டினேன். இன்னும் வேகமாகப் பாய்ந்தேன். இன்னும் பலமாக விழுந்தேன்.

இந்த அமளிக்குள்தான் அவளுக்கு விசா வந்தது! விண்ணப்பங்கள் மறுபடி அசையத் தொடங்கியிருந்தன. ஒருவர் பின் ஒருவராக எங்கள் கட்டடத்தில் சந்தோசக் கூச்சல் கேட்டது, ஒருநாள் என் அறையிலும் கேட்டது. நான் அண்ணையைத் தூக்கிச் சுற்றினேன். அவர் தன் மனைவிக்கு இன்னும் பதில் வராத நிலையிலும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அந்த மனிதருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன்.

பிலுண்ட் விமானநிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க முடியாமல், கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையப் பார்த்தேன். சீருடைக்காரர் ஒருவர் என்னை மரியாதையாகத் தோளில் பிடித்து வெளியே விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் வந்தாள். பெரிய கம்பளிச் சட்டைக்குள் சின்ன முகம். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

“எங்கை அந்தத் தோள்?”

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். கார் கொண்டுவந்த பெரியவர் எங்களைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கி வைப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அவள் வந்த சந்தோசத்தில் ஆட்டம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. அவள் வந்த வாரப் பயிற்சியிலும் மண் கவ்வினேன். பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் சில்க்போர்க் அணியோடு வருகிறது, அதிலும் இப்படியென்றால் அடுத்த வருடம் உன் இடத்தில் வேறு ஆள் என்றார். நல்ல மனிதர், மென்மையாகத்தான் சொன்னார். அடுத்த வருடத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவளுக்குக் காட்டுவதற்கு எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரே ஆட்டம். 

அவள் அடுத்த பயிற்சியைப் பார்க்க வந்தாள். கோட்டோரம் பெரியவரின் நாயைப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் பார்த்தாள். நடந்து வீடு திரும்பும்போது கேட்டாள்:

“ஏன் நீங்கள் நிக்கிறேல்லை?”

“எங்கை நிக்கிறது?”

“ஆளுக்கு முன்னாலை. தலைதெறிக்க ஓடிப்போய் அவன்ரை கையிலையே விழுறியள். மறிக்கிறவனுக்கு இதைவிட வேறை என்ன சுகம் வேணும்? நான் கிளியா நிண்டிருந்தா நித்திரையிலையும் உங்களைத் தொடுவன். நிண்டாத்தான் அவன் முதல்லை அசைவான். அவன் அசைஞ்சா மற்றப் பக்கம் வெளி. இது தெரியாதே உங்களுக்கு?”

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. தெரியாதா! முதல் வருடம் முழுவதும் நான் செய்தது அது ஒன்றைத்தானே. நின்றேன், அவர்கள் பாய்ந்தார்கள், நான் போனேன். இரண்டாம் வருடம் நான் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேகம் வேகம் என்று அலைந்ததில், நின்றதை நிறுத்தியதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தெருவிலேயே துள்ளினேன். கண்டுபிடித்தாயிற்று! இனி என்ன, நிற்பதுதானே! நிற்க யாருக்குத்தான் தெரியாது?

அன்று மாலையே கயிறு எடுத்துப் புல்வெளியில் கோடு போட்டோம். அண்ணையையும் இன்னும் சிலரையும் இழுத்து வந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அங்கே கோடு விழுந்தது. அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நடுக்கோட்டில் கிளியாக நின்றாள். நான் இறங்கினேன். கோட்டுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டே ஓடினேன், நிற்கவில்லை. கால் கேட்கவில்லை! கோட்டைக் கண்டதும் உடம்பு தானாகப் பாய்ந்தது, அவள் கை என் முதுகில் பட்டது. மறுபடி. மறுபடியும் அதே. ஒரு நொடி, அந்த ஒரே ஒரு நொடி நிற்பதுதான் வேலை. அந்த ஒரு நொடியை என்னால் பொறுக்க முடியவில்லை. நிற்கப் போனால் நெஞ்சுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. கடைசியில் நான் கோபத்தில் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு, படியில் தாவி மேலே போய்விட்டேன்.

அவள் லிப்டில் வந்தாள். நான் பூட்டிக்கொண்டிருந்த குளிப்பறைக் கதவுக்கு வெளியே அண்ணையிடம் தாழ்ந்த குரலில் எதையோ விசாரிப்பது கேட்டது. அண்ணை சோற்றைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

கடைசி ஆட்டத்துக்குச் சனம் வந்து குவிந்தது. புதிதாக வந்த மனைவிமார், குளிரில் சிவந்த மூக்கோடு பிள்ளைகள், சோற்றுப் பார்சல்கள், தேநீர்ப் போத்தல்கள். இப்போது உண்மையாகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். டேனிஷ்காரர் பக்கத்தில் பாணுக்குள் வைத்த சொசேஜ் மணத்தது. அவள் கோட்டோரம் நாயோடு நின்றாள். முதல் பாதியில் எனக்குப் பந்து வந்த ஒவ்வொரு தடவையும் பாய்ந்தேன், விழுந்தேன். எழும்பும்போது அவளைப் பார்க்கவே இல்லை. பயிற்சியாளர் என்னை மாற்றுவதற்கு இன்னொருவனைத் தயார்செய்வது தெரிந்தது. பெரியவர் போய் அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு வந்து, “இன்னும் ஒரு தடவை” என்றார்.

ஒரு தடவை! பந்து என் வயிற்றுக்கு வந்தது. பெரியவர் முன்னால் போய்த் தள்ளினார். சில்க்போர்க்காரன் ஒருவன், மலை மாதிரி, நேரே என்னை நோக்கி வந்தான். என் கால்கள் பாயப் புறப்பட்டன. அப்போது கோட்டோரத்திலிருந்து ஒரு குரல். கிளியாக நின்று மைதானத்தை அழவைத்த அதே குரலாகத்தான் இருக்கவேண்டும். அவ்வளவு சனத்தின் கூச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது.

“என்ன அவசரம் உங்களுக்கு? நான் வந்திட்டன்!”

நான் நின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் முடிவெடுத்து நிற்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரேயடியாக இறங்கி நின்றது. அவள் வந்துவிட்டாள்! அது எனக்குத் தெரிந்த விசயம்தான், பெட்டியோடு வந்தவளை நான்தானே கூட்டிவந்தேன். ஆனால் கால்களுக்கு அந்தச் செய்தி அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. அவை இவ்வளவு நாளும் அவளிடம் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. மலை மாதிரி வந்தவன் பாய்ந்தான், என்னைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தான். அவன் விட்ட பக்கத்தில் எவ்வளவு வெளி! நான் போனேன். அடுத்தவன் முன்னால் நின்றேன், அவன் அசைந்தான், போனேன். கடைசியாக ஒருவன் என்னைப் போலவே நின்று பார்த்தான், கெட்டிக்காரன். நானும் நின்றேன். அவனால் பொறுக்க முடியவில்லை. என்னால் முடிந்தது.

கடைசிக் கோட்டைத் தாண்டியதும் திரும்பினேன், வந்த வழியே ஓடத் தொடங்கினேன். பழைய ஆட்கள் எல்லோரும் சிரித்து விழுந்தார்கள், நான் மறுபடி விதியை மறந்துவிட்டேன் என்று. நான் எதையும் மறக்கவில்லை. கோட்டோரம்வரை ஓடிப்போய்ப் பந்தை அவள் கையில் கொடுத்தேன். நாய் குரைத்தது. அவள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முட்டை மாதிரித்தான் கிடக்குது” என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. குளிர் என்றாள்.

அன்றைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். யார் கவலைப்பட்டார்கள்! பெரியவர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார், நாங்கள் நடந்தே போகிறோம் என்று சொல்லிவிட்டோம். தோள்காப்பு ஒரு கையில், அவள் கை மறு கையில். சந்திக்கு வந்தபோது சிவப்பு மனிதன் எரிந்துகொண்டிருந்தான். தெருவின் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. மழை தூறத் தொடங்கியது.

“வாகனம் ஒண்டும் இல்லையே” என்றாள். “வாங்கோ, போவம்.”

“பொறும்” என்றேன். “பச்சை வரட்டும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் நெருங்கி நின்றாள். நாங்கள் நின்றோம்.